பாலமுரளிகிருஷ்ணா மறைவு – ஞாயிறு நினைவுக் கூடல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கர்நாடக இசைப் பாடகர் டாக்டர் எம். பாலமுரளிகிருஷ்ணா இன்று (22.11.2016) சென்னையில் காலமானார். வயது 86. எழுதவே கை வரவில்லை.

கிழக்கு கோதாவரி மாவட்டத்துச் சங்கரகுப்தத்தில் பிறந்தவர். சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டவர். ஆந்திர எல்லை ஊரான நகரியில் தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் நமக்கு அவர் இரண்டு பக்கத்து உறவு. இராமபக்தரான பத்ராசல ராமதாசரின் தெலுங்குக் கீர்த்தனைகளை இத்தனை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த குரல் வேறு எது? இளமையிலேயே 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களிலும் கிருதிகள் இயற்றினார். அவர் உருவாக்கிய லவங்கி ராகத்தை நினைத்துப் பாருங்கள்: ச, ரி, ம, த என்று நான்கே சுரங்கள். அதற்குள் ஒரு முழு ராகத்தின் நிறைவு இருக்கிறது! அவருடைய மகதி ராகமும் அப்படித்தான். நான்கு சுரம் ராகமாகுமா என்று வாதிட்டவர்கள் உண்டு. என் காதுக்கு அந்த வாதம் அவர் பாடத் தொடங்கியதுமே முடிந்துவிட்டது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிப்பதிலும் அவர் தேர்ந்தவர் என்பதை இளையவர்கள் அறிய வேண்டும்.

வரும் ஞாயிறு (27ஆம் தேதி) மாலை 4 மணிக்கு வழக்கமாகக் கூடும் மாடியில் சந்திப்போம். பேச்சு குறைவாகவும் பாட்டு அதிகமாகவும் இருக்கட்டும். பாடத் தெரிந்த பிள்ளைகள் அவருடைய தில்லானா (தாளச் சொற்கள் நிறைந்த துள்ளலான பாட்டு) ஒன்றைப் பாடிப் பழகி வரவும். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரையும் அழைத்து வாருங்கள். தம்புரா வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிவிக்கவும். புத்தூரிலிருந்து வருபவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வசதியாக 7 மணிக்குள் முடித்துவிடலாம்.