தட்டு கழுவப் போனவன் எழுதுவது

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் போடுகிறேன், திட்டாதே. வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, மலேரியா மாத்திரையே இன்னும் முடியவில்லை. நான் எடுப்பது டாக்சிசைக்கிளின், திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டிக்கொண்டு வரும்.

"மிஷன் ட்ரிப் எப்படி, ஒரு சாட்சி எழுது" என்று கேட்டிருந்தாய். மேடையில் ஏறிச் சொல்கிற மாதிரி என்னிடம் எதுவும் இல்லையடா. மூன்று மாதமும் தட்டு கழுவினேன். மெர்சி ஷிப்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பாய், 1978இல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு, அவர்களுடைய குளோபல் மெர்சி என்கிற ஆஸ்பத்திரிக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் நின்றது. உள்ளே ஆறு ஆபரேஷன் தியேட்டர். கண்புரை, உதட்டுப் பிளவு, வருஷக்கணக்காக வளர்ந்த கட்டி, வளைந்த கால் எல்லாவற்றுக்கும் இலவசமாக அறுவை சிகிச்சை. வருகிறவர் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை, அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள்தான். டாக்டரிலிருந்து என்னைப் போன்ற சமையலறை ஆள் வரை தன்னார்வலர்கள் எல்லோரும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு வருகிறவர்கள்.

என்னோடு வேலை பார்த்தவர் உள்ளூர்க்காரர், அவருக்குச் சம்பளம் உண்டு. முதல் நாளே "உனக்கு எவ்வளவு?" என்றார். நான்தான் பணம் கட்டுகிறேன் என்றதும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. அதற்கப்புறம் தினமும் காலையில் "ஹவ் டி பாடி?" என்று கேட்பார். கிரியோ மொழியில் நலமா என்று அர்த்தம். எனக்கு முழுசாக வந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்கள்தான் அதன் ரத்த வங்கியும். வந்ததும் பரிசோதித்துப் பெயரை எழுதி வைத்துக்கொள்கிறார்கள், தேவைப்படும்போது கூப்பிடுகிறார்கள். ஒரு சாயங்காலம், ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற நேரத்தில், லேபிலிருந்து எனக்கு அழைப்பு. ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். கையெல்லாம் சோப்பு வாசனை, விரல் தோல் ஊறிச் சுருங்கியிருந்தது, நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நரம்பு தேடினாள். பை நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நொடி அது என் முழங்கையில் பட்டது, வெதுவெதுப்பாக இருந்தது. யாருக்குப் போனது, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது, நானும் கேட்கவில்லை. திரும்பிப் போனால் பாத்திரம் தூக்க விடவில்லை, உட்கார்ந்து கரண்டி துடைத்தேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சபையிலிருந்து பத்து நாள் டீம் போகிறது, அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், நீ போகலாமா என்று கேட்கிறாய். ஊழியம் செய்ய வேண்டும் என்கிற பாரம் உன் மனசில் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் நாம் இருவரும் போனது நினைவிருக்கிறதா? பைபிளில் வருகிற சிங்கக் குகையில் தானியேல் கதையை நாடகமாகப் போட்டோமே, நீதானே சிங்கம். நீ கர்ஜிப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் அத்தனை பேரும் கர்ஜித்தார்களே! முந்தைய டீமும் அதே நாடகம், அதற்கு முந்தையதும் அதேதான். நான் வசனத்தை மறந்து நின்றபோது முன்வரிசைப் பொடியன் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். அதே பொடியன் பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "நீங்களும் வியாழக்கிழமை போயிடுவீங்களா?" என்று கேட்டதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. வியாழக்கிழமைதான் போனோம்.

இப்போது படித்துப் பார்த்தால், உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் கொண்டுவந்து விட்டவர்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் பணத்தோடு வரவர, காட்டுவதற்குப் பிள்ளைகள் வேண்டும் என்று சேர்க்கிற இடங்களும் உண்டு. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு புது மாமா வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? நம் வீட்டுப் பிள்ளையை அப்படி விடுவோமா? 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர், தமிழில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாக 1715 ஆகிவிட்டது. நமக்குப் பத்து நாள்.

அதனால் போகாதே என்று சொல்ல வரவில்லை. யார் கூப்பிட்டார்கள் என்று கேள். அங்கே இருக்கிறவர்கள் "இன்ன வேலைக்கு ஆள் இல்லை" என்று கேட்டார்களா, இல்லை இங்கே நாமாகவே முடிவு செய்தோமா? டிக்கெட் காசை அப்படியே அனுப்பினால் அவர்களுக்குச் சந்தோஷமா வருத்தமா? இதைக் கேட்டால் போதகர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. நீ முப்பது வருஷம் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டியவன். எத்தனை மிஷன் ஆஸ்பத்திரிகளில் யாரோ தானமாகக் கொடுத்த கருவி பழுது பார்க்க ஆளில்லாமல் துணி போர்த்திக் கிடக்கிறது தெரியுமா? உன் கையில் இருக்கிற வித்தை அதுதான். அதை விட்டுவிட்டு இந்த வயசில் போய் மறுபடியும் சிங்க வேஷமா?

எங்கே போவதானாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டுமா என்று பார்த்துக்கொள். சியரா லியோனுக்குக் கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும், அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வை. 2016இலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்காமல் நம்பாதே.

போதகர் என்ன சொன்னார் என்று எழுது. உன் சிங்க வால் இன்னும் என் பரண் பெட்டியில்தான் கிடக்கிறது, அவர் பிடிவாதமாக நாடகம்தான் என்றால் சொல், பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
உன் தானியேல்