பொங்கல் பட்டியலில் ஒரு பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சம்பா அறுப்பு முடிகிறவரை டாக்டரிடம் போக மாட்டாராம். அங்கே குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டு வெளியே போ. போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது. சளி என்றாய். சளிதான் என்றால் சரி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடி.

வருஷா வருஷம் பொங்கலுக்கு நாம் எல்லோரும் எழுதுகிற பாட்டுப் பட்டியலில், உன்னுடையது பொங்கலன்று காலையே வந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தோம். சித்தப்பா போட்ட சட்டம் மாறவில்லை. என்றைக்கும் சலிக்காத பாட்டாக இருக்க வேண்டும், ஒரே வகையில் இரண்டு எழுதக் கூடாது. அவர் இந்த வருஷமும் 'பூங்காற்று திரும்புமா'தான். மலேசியா வாசுதேவனை விட்டு அவர் நகர மாட்டார். அப்பா 'தோடி ராகம், ராஜரத்தினம் பிள்ளை நாயனம்' என்று ஒரே வரி எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். உன்னுடையதை நான் வாசித்தேன். பாஹ், கோல்ட்ரேன், அந்தத் தீவுக்கார அம்மா, 'பாடறியேன்', 'வருகலாமோ'. சித்தி "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்று சொல்லி நோட்டை மூடினேன்.

மறுநாளிலிருந்து உன் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் அப்பா வயலுக்குப் போனபிறகு கேட்பேன். நீ வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது.

பாஹ் முதலில். ஜெர்மனியில் நீ இருக்கிற லைப்சிக்கில் 1723-லிருந்து 1750-ல் கண்மூடுகிறவரை வேலை பார்த்தவர், தோமையார் கோயிலுக்குள் அவர் கல்லறை இருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தாய். நீ பட்டியலில் எழுதியிருக்கிற இசை, பெரிய வயலின் மாதிரி இருக்கிற செல்லோவுக்கானது, அதற்கு முன்பே, வேறு ஊரில் இருந்தபோது எழுதியது என்றும் சொல்லியிருக்கிறாய். பாப்லோ கசால்ஸ் என்பவர் 13 வயதுப் பையனாக பார்சிலோனாவில் ஒரு கடையில் அந்த ஏட்டைக் கண்டெடுத்து, வருஷக்கணக்காக வீட்டிலேயே சாதகம் பண்ணி, 1930-களின் கடைசியில்தான் முழுவதையும் பதிவு செய்தாராம். அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்தது. இசையும் பிடித்தது. ஆனால் ஒரே ஒரு வாத்தியம், பக்கத்தில் மிருதங்கம் இல்லை, தம்புரா இல்லை, யாருமே இல்லை. கேட்கக் கேட்க, நீ ராத்திரி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்ற யோசனைதான் வந்தது. சமைக்கிறாயா? ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே.

கோல்ட்ரேன் முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை. நீ எழுதிய குறிப்பைப் படித்த பிறகு 'எ லவ் சுப்ரீம்' தட்டின் நாலாவது பகுதியை மட்டும் தனியாகக் கேட்டேன். தானே எழுதிய ஒரு பிரார்த்தனையை வாயால் பாடாமல், அதன் வார்த்தைகளைச் சாக்சபோனில் ஊதுகிறார் என்று எழுதியிருந்தாய். இது நமக்குப் புதிதா தம்பி? நம் பக்கத்து நாயனக்காரர்கள் சாகித்தியத்தைப் பாடம் பண்ணாமல் கீர்த்தனையைத் தொட மாட்டார்கள். வார்த்தை தெரிந்தால்தானே எங்கே மூச்சை விடுவது, எங்கே நாக்கைத் தட்டுவது என்று தெரியும்? கேட்கிறவர் காதில் வார்த்தை விழ வேண்டும். 1964-ல் அமெரிக்காவில் ஒருவர் அதையே செய்திருக்கிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். "போடு, கேட்போம்" என்றார். கேட்டார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், "அழுகிறான்" என்றார். அப்பா வாயிலிருந்து வேறு யாருக்கும் இப்படி வந்து நான் கேட்டதில்லை.

உன் தாத்தா ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதும் இதே மாதிரிதான் சொல்வார். திருவாவடுதுறை அவருக்கு நடக்கிற தூரம். வீதியில் சாமி நிற்கும், பிள்ளை தோடியை எடுப்பார், ஊர் அப்படியே நின்றுவிடும். முன்னே எல்லோரும் ஊதியது திமிரி, குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். பிள்ளைதான் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியோடு உட்கார்ந்து, ஆச்சா மரத்தில் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். சுருதி இறங்கியதும் தோடியின் கனம் அதில் வந்து உட்கார்ந்தது என்பார் தாத்தா. 1956-ல் பிள்ளை இறந்த பிறகு தாத்தாவுக்கு மிஞ்சியது இசைத்தட்டுதான். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட இருக்கும். ராத்திரி முழுக்க வாசித்தவரை மூன்று நிமிஷத்தில் அடைத்தால் எப்படி என்று திட்டிக்கொண்டே திரும்பத் திரும்பப் போடுவார். அந்த மூன்று நிமிஷம் போதும் என்பது என் கட்சி. முழுத் தோடியும் அதற்குள் இருக்கிறது. நீ அங்கே உன் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டு. நண்பர்கள் இருக்கிறார்கள் இல்லையா?

தீவுக்கார அம்மா செசாரியா எவோராவின் 'சொடாடே'தான் என்னை உட்கார வைத்துவிட்டது. செருப்பில்லாமல் மேடை ஏறுவாராமே. பாஷை ஒன்றும் புரியவில்லை. கேப் வெர்டே தீவுகளிலிருந்து சாவோ தோமே தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் பிரிவைப் பற்றிய பாட்டு என்று நீ எழுதியது போதுமானதாக இருந்தது. நம் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனது உனக்குத் தெரியும். கொள்ளுப்பாட்டி எப்படி இருந்தாள் என்றும் தெரியும். அவளுக்குப் பாடத் தெரிந்திருந்தால் இப்படித்தான் பாடியிருப்பாள், குரலை உயர்த்தாமல். அந்தக் காலத்தில் கடுதாசி கடலைத் தாண்டி வர வேண்டும். உனக்கு அப்படியா? சட்டைப் பையில் போன் இருக்கிறது. இரண்டு வாரம் ஆனாலும் 'பிஸி அம்மா' என்ற இரண்டு வார்த்தைதான் வருகிறது. வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சும்போது போனைப் பார்த்தால் நீ விழித்திருக்கிறாய். அங்கே அப்போது ராத்திரி ஒன்றரை மணி. விடிந்தால் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டிய பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்கிறாய்?

தூக்கம் வராவிட்டால் நீலாம்பரி ராகம் போட்டுக்கொண்டு படு. தீட்சிதர் நாகப்பட்டினத்து அம்மன் மேல் பாடிய 'அம்ப நீலாயதாக்ஷி' இருக்கிறது. விளம்பத்தில் பாடியதாகப் பார்த்து எடு, வேகமாகப் பாடினால் அது நீலாம்பரியே இல்லை. சின்ன வயதில் உனக்கு அதைத்தான் பாடுவேன். சரணம் வருவதற்குள் தூங்கிவிடுவாய்.

'பாடறியேன்' பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்ரா நாட்டுப்பாட்டு மெட்டில் தொடங்கி தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேரும் இடத்தில் இன்னும் எனக்குச் சிலிர்க்கும். அது காம்போதி ராகத்தில் இருந்த கீர்த்தனை, இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றினார். அந்தக் காலத்தில் சண்டையே நடந்தது நம் வீட்டில். அப்பா காம்போதி பக்கம், நான் சாரமதி பக்கம். அதைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவன் நீ. பதினோராம் வகுப்பில் பாட்டு டீச்சர் வராளி ராகத்தை நேரில் சொல்லிக்கொடுக்க மாட்டேன், குருவுக்கும் சீடனுக்கும் ஆகாது என்று ஒதுக்கியபோது, திருவையாற்று ஆராதனைக்குப் போய் மணலில் உட்கார்ந்து 'கனகன ருசிரா'வைக் காதாலேயே வாங்கிக்கொண்டு வந்தாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ அதை முணுமுணுத்ததை உன் அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். என் பட்டியலில் கர்நாடக இசை என்ற இடத்தில் எப்போதும் அந்த வராளிதான். உன் பட்டியலில் அந்த இடத்தில் இந்த முறை 'வருகலாமோ' வந்திருக்கிறது.

அதைப் பற்றி நிறைய யோசித்தேன். கோபாலகிருஷ்ண பாரதியார் மாஞ்சி ராகத்தில் போட்டது. சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தன் உள்ளே நுழையவில்லை, கதவைத் தட்டவில்லை, சண்டை போடவில்லை. பக்கத்தில் வரலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர் பாரதியார், நமக்கு எட்டுகிற தூரம். இங்கே இந்தப் பாட்டைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. ஆனால் முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, 'என்றைக்கும் பிடித்தது' என்று இதை எழுதினால் பெற்றவளுக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது. யார் வீட்டு வாசலில் நீ நிற்கிறாய் தம்பி?

சரி, என் பட்டியலைச் சொல்கிறேன். நான் நோட்டை மூடிய பிறகு எழுதியது, அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். கர்நாடகத்தில் வராளி, சொன்னேன். சினிமாவில் 'சிங்காரவேலனே தேவா'. 1962-ல் வந்தது. காருகுறிச்சி அருணாசலம் நாயனம், ஜானகி குரல், ஆபேரி. காருகுறிச்சியார் நம் பிள்ளையின் சீடர். கடைசியில் நாயனமும் குரலும் மாறி மாறி சுரம் போடும் இடத்தில் எது எது என்று ஒரு கணம் தடுமாறும். அப்படி ஒரு பெண் பாட முடியும் என்பதே எனக்கு அப்போது பெரிய பெருமையாக இருந்தது, இப்போதும் அப்படித்தான். நாட்டுப்பாட்டில், போன குறுவைக்கு நம் வயலில் நடவு நட்ட அத்தை பாடியது. போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இப்போது பாதி வயல்களில் மிஷின்தான் நடுகிறது, மிஷின் சத்தத்தில் யார் பாடுவார்கள்? அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உனக்கும் அனுப்புகிறேன். நடுவில் குலவை வரும், ஸ்பீக்கரைக் குறைத்து வை.

வெளிநாட்டுப் பாட்டில் இந்த வருஷம் முதல் தடவையாக ஒன்று எழுதினேன், 'சொடாடே'.

அப்புறம் பக்திப் பாட்டு. அதற்கு நான் எழுதியது 'இறைவனிடம் கையேந்துங்கள்'. நாகூர் ஹனிபா.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அது உன் பட்டியலில் இருந்தது. நோட்டு என்னிடம்தானே இருக்கிறது. இந்த வருஷம் அந்த இடத்தை நீ வெறுமனே விட்டிருக்கிறாய். வேறு பாட்டு எழுதியிருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. திண்ணையில் நடந்த பேச்சையும் இழுக்கப் போவதில்லை. உன் அப்பா அன்றைக்குப் பேசியதைத் திரும்பப் பேசியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ கவனித்துக்கொள். டீக்கடையிலிருந்து அந்தப் பாட்டு வந்தால் முன்பெல்லாம் உள்ளே எழுந்து போவார். இப்போது போவதில்லை.

ஹனிபாவின் குரல் மைக் இல்லாமலே கடைசி ஆள்வரை போய்ச் சேரும் குரல். 2015-ல் அவர் இறந்த அன்று நம் தெருவில் எத்தனை வீட்டில் அந்தப் பாட்டு கேட்டது என்று உனக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளை அப்படிப் பாடவில்லை. நம் அடுப்படியில் மணையில் உட்கார்ந்து பொங்கலுக்குப் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டு, தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி பாடினாள். இரண்டாவது அடியில் நானும் சேர்ந்துகொண்டேன். அவளுக்குச் சுருதி சுத்தம். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் தயங்கினாள், அதைச் சரிபண்ணலாம். அடுத்த முறை வரும்போது சொல்லித்தருகிறேன் என்றேன். அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைக் கையில் எடுக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ என்று முதலிலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம், அப்பாவும் நானும் போகிறோம். முடிந்ததும் நீலாயதாட்சியம்மன் கோயில். அங்கிருந்து நாகூர் பக்கம்தான், பஸ் நிறைய இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுது. அப்படியே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, நான் போனால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமா என்பதையும் வியாழக்கிழமைக்குள் சொல். அப்பா ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா