மருமகனுக்கு: அறுப்பு வரிசையில் காணாமல் போன இருவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். யார் வயலுக்கு மெஷின் எப்போது என்று வரிசை போட நீ ஜாவாவில் எழுதிய புரோகிராமில் ரெண்டு பேர் பெயரே இல்லையாம், அவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்களாம். தை மாதத்தில் மன்னார்குடிப் பக்கம் அறுப்பு மெஷின் வரிசை தவறினால் சும்மாவா? சாய்ந்த கதிரில் ஒரு மழை பெய்தால் நெல் முளைவிட்டுவிடும்.

உன் புரோகிராம் கோடைப் பார்த்தேன். விவசாயி கிளாஸுக்குள் கம்பேர்டூ (இருவரில் யார் முன், யார் பின் என்று சொல்லும் மெத்தட்; சமம் என்றால் பூஜ்யம்) எழுதி, அறுப்புத் தேதியை மட்டும் ஒப்பிட்டிருக்கிறாய். பிறகு எல்லாரையும் ட்ரீசெட்டில், அதாவது ஒருவரை இருமுறை ஏற்காத வரிசைப் பட்டியலில், போட்டிருக்கிறாய். அங்கேதான் ஆள் விழுந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று சொல்லும் ஈக்வல்ஸை ட்ரீசெட் கேட்பதே இல்லை. கம்பேர்டூ பூஜ்யம் சொன்னால் 'இவர் ஏற்கெனவே இருக்கிறார்' என்று முடிவு கட்டிவிடும். தை 20-க்கு மூன்று பேர். முதலில் பதிந்தவர் நின்றார், மற்ற இருவர் போனார்கள். எர்ரரும் வராது. ஆளைச் சேர்க்கும் ஆட் மெத்தட் 'இல்லை' என்று ஃபால்ஸ் தரும், அதை நாம் யார் பார்க்கிறோம்! தசம எண்ணுக்கான ஜாவாவின் பிக்டெசிமலிலேயே இந்தப் பள்ளம் உண்டு. 2.0, 2.00 இரண்டும் ஈக்வல்ஸுக்கு வேறு, கம்பேர்டூவுக்கு ஒன்று. ஈக்வல்ஸைக் கேட்கும் ஹேஷ்செட்டில் போட்டால் இரண்டும் இருக்கும், ட்ரீசெட்டில் ஒன்றுதான்.

கம்பேர்டூவை ஒட்டுப்போடாதே, எடுத்துவிடு. அத்தான் காலையில் அறுப்பு வரிசை கேட்பார், சாயங்காலம் பாக்கி வரிசை கேட்பார். கிளாஸுக்குள் ஒரு கம்பேர்டூதான் இருக்க முடியும். கிளாஸுக்கு வெளியே கம்பேரட்டர், அதாவது ஒப்பிடும் விதி, எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். 2014-ல் வந்த ஜாவா 8 முதல் அவற்றைக் கோத்துக்கொண்டே போகலாம்: கம்பேரிங்கில் தேதி, தென்கம்பேரிங்கில் (thenComparing) மடை, அதாவது வாய்க்காலில் வயல் இருக்கும் இடம், கடைசியில் பதிவு எண். பதிவு எண் யாருக்கும் ஒன்றாக இராது, அதனால் பூஜ்யம் வராது.

மடையை ஸ்ட்ரிங்காக, வெறும் எழுத்தாக, வைக்காதே. அகர வரிசையில் இடைமடை முன்னால் வந்து, தலைமடை கடைசிக்குப் போய்விடும். பெயர்களை வரிசையாக எழுதி வைக்கும் ஈனமில் (enum) தலைமடை, இடைமடை, கடைமடை என்று எழுது. எழுதின வரிசையே அதன் வரிசை.

பெயர்ப் பட்டியலும் சரியில்லை. அன்பழகன் முன்னால், அப்பாதுரை பின்னால் வருகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். நமக்கோ ன கடைசி எழுத்து. ஐசியூ (ICU) என்ற யூனிகோடு லைப்ரரியில், மொழிக்கேற்ப எழுத்தை அடுக்கும் கொலேட்டரைத் தமிழுக்கு வைத்துப் பயன்படுத்து.

அப்புறம், ரோட்டோர வயல் அறுத்தால்தான் உள்வயலுக்கு மெஷின் இறங்கும் என்று அத்தான் சொன்னாராமே? அதைக் கம்பேரட்டரில் திணிக்காதே. வாய்க்காலின் இந்தக் கரை வயலுக்கும் அந்தக் கரை வயலுக்கும் முன்பின் கிடையாது. அங்கே பூஜ்யம் கொடுத்தால் எதிர்க்கரை வயல் ரோட்டோர வயலுக்கும் சமம், உள்வயலுக்கும் சமம் என்றாகும்; அந்த இரண்டுக்குள் முன்பின் உண்டே, கணக்கு முரண்படும். பட்டியலை அடுக்கும் சார்ட் (sort) சில நேரம் எக்ஸெப்ஷன் என்ற பிழை வீசும், சில நேரம் சத்தமில்லாமல் தப்பாக அடுக்கும். அதற்கு, எது முடிந்தால் எது என்று பார்த்து அடுக்கும் டோபாலஜிகல் சார்ட் வேண்டும். மாசி மகத்துக்குக் கும்பகோணம் வருவேன், உட்கார்ந்து எழுதுவோம். அதுவரை அந்த நாலு வயலை அத்தான் கையாலேயே மாற்றிக்கொள்ளட்டும்.

உன் மாமா