துவக்குகளுக்கு ஸ்கோப் பூட்டுவதை நிறுத்தியமை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

2011ஆம் ஆண்டில் மாங்குளம் சந்திக்கு அருகே ஒரு தகரக் கொட்டகையில் கமராவும் பைனோகுலரும் மூக்குக்கண்ணாடியும் திருத்தத் தொடங்கிய நாளிலிருந்து எங்களை அறிந்தவர்கள் நீங்கள். கடந்த ஐப்பசி முதல் துவக்குகளுக்கு ஸ்கோப் (தூரத்தில் நிற்பதைப் பெருக்கிக் காட்டும் குறிபார்க்கும் கண்ணாடி) பூட்டுவதையும், குறி சரிபார்ப்பதையும், இரவில் பார்க்கும் கருவிகளை எடுப்பித்துக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். இதை ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டதோடு நான் பேசாமல் இருந்தது பிழை. காரணம் சொல்லாமல் விட்டதால் ஊரவர்கள் தாமாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டார்கள்.

அந்தக் காரணம், நான் வாடிக்கையாளர்களை அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது. இந்த மண்ணில் அது எப்படிப்பட்ட சொல் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் வாகனம் ஒன்று கடை முன்னே முக்கால் மணித்தியாலம் நின்றது உண்மைதான். வந்தவர்கள் இருவர், கொண்டு வந்தது ஒரு பைனோகுலர். மழைக்காலத்து ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்து, உள்ளே இருந்த அரியம் ஒன்றும் நகர்ந்து, பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரிந்தது. கழற்றித் துடைத்து, அரியத்தை இருந்த இடத்தில் இருத்திக் கொடுத்தேன். பற்றுச்சீட்டின் பிரதி இருக்கிறது. விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம். அவர்கள் யாரைப் பற்றியும் கேட்கவில்லை, நானும் யாரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அந்த வாகனம் வருவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னரே அட்டை வாசலில் தொங்கியது என்பதை எதிரே தேநீர்க்கடை வைத்திருப்பவரிடம் கேட்டாலே சொல்வார். ஸ்கோப் பூட்டியவர்களின் பெயர்கள் எழுதிய கொப்பி மேசை லாச்சிக்குள் பூட்டி இருக்கிறது, திறப்பு என்னிடம் மட்டுமே உண்டு. கடையில் வேலை செய்த தம்பிகூட அதைத் திறந்து பார்த்ததில்லை.

உண்மைக் காரணம் வேறு. புரட்டாசி முடியும் நாட்களில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் நீர் வற்றிக்கொண்டிருந்த ஒரு சிறு குளத்தின் கட்டிலிருந்து, மறுகரையில் நின்றதைப் பன்றி என்று எண்ணி ஒருவர் மைம்மலில் சுட்டார். அனுமதிப்பத்திரம் உள்ள பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு, ஒற்றைக் குண்டு. நின்றது மரை என்னும் பெரிய மான். கீழ்த்தாடை உடைந்த நிலையில் அது காட்டுக்குள் ஓடிவிட்டு, மறுநாள் திரும்பவும் தண்ணீருக்கே வந்தது. சுட்டவரே என்னிடம் வந்து சொன்னதனால் நானும் போய்ப் பார்த்தேன். வாயை நீரில் வைக்கும், நீர் உள்ளே போகாமல் வழியும், தலையை உதறிவிட்டு மீண்டும் வைக்கும். நான்கு நாட்கள் அது அந்தக் கரையில் நின்றது. கட்டிலிருந்து அது சூடுபட்ட இடம் வரைக்கும் நான் நடந்து எண்ணிய காலடிகள் நூற்று எழுபது. அந்த ஸ்கோப்பைப் பூட்டிக் கொடுத்தது எங்கள் கடை.

சுட்டவர் கெட்டவர் அல்லர். பன்றி இரண்டு முறை பயிரை அழித்து வயிற்றில் அடித்த கமக்காரர் அவர். ஆனால் நாங்கள் விற்ற கண்ணாடி அவருக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் ஸ்கோப்பில் நூற்று இருபது மீற்றரில் நிற்கும் விலங்கு முப்பது மீற்றரில் நிற்பது போலத் தெரியும். கண்ணுக்குத்தான் அது கிட்ட வருகிறது, குண்டுக்கு அல்ல. உட்புறம் சுருள்வரி வெட்டாத குழலிலிருந்து புறப்படும் குண்டு அந்தத் தூரத்தில் எங்கே விழும் என்று சுடுபவருக்கும் தெரியாது, குழலுக்குள்ளால் சுவரிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்து ஸ்கோப்பைப் பொருத்துகிற எனக்கும் தெரியாது. பல பெரிய சன்னங்கள் அடங்கிய எஸ்.ஜி. தோட்டா என்றால் முப்பத்தைந்து, நாற்பது மீற்றருக்கு அப்பால் சன்னங்கள் சிதறிப்போய், கொல்லாமல் காயப்படுத்துவதே கூடுதலாக நடக்கும்.

“சுருள்வரி வெட்டிய நல்ல ரைபிளாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை” என்று சொன்னவர்களும் உண்டு. ஆண்டுதோறும் கனடாவிலிருந்து வந்து, அங்கே அனுமதியோடு மான் வேட்டைக்குப் பாவிக்கும் தன் ஸ்கோப்பை என்னிடம் துடைக்கத் தரும் ஓர் அண்ணரோடு இதைப் பல மணித்தியாலம் பேசியிருக்கிறேன். அங்கே பலர் பாவிக்கும் .308 ரகக் குண்டு ஐந்நூறு மீற்றர் போக ஏறக்குறைய முக்கால் விநாடி எடுக்கும். நூறு மீற்றருக்குக் குறி வைத்த துவக்கென்றால் அதற்குள் இரண்டு மீற்றர் அளவில் தாழ்ந்துவிடும். அதைக் கணக்கிட்டுத் திருகிச் சரிசெய்யக் கருவிகள் உண்டு. பக்கவாட்டில் மணிக்குப் பதினாறு கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால் அரை மீற்றருக்கு மேல் விலகும், அந்தக் காற்றோ இடையில் ஒவ்வொரு வெளியிலும் ஒவ்வொரு மாதிரி வீசும். மானின் இருதயமும் சுவாசப்பையும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலம். இவை எல்லாவற்றையும் சரியாகக் கணித்தாலும், அந்த முக்கால் விநாடிக்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்தால் குண்டு வயிற்றில் படும், அதைக் கணிக்க எந்தக் கண்ணாடியாலும் முடியாது.

அமெரிக்காவில் தியடோர் ரூஸ்வெல்ட் முதலானவர்கள் 1887இல் தொடங்கிய பூன் அன்ட் குறொக்கற் கழகம் வேட்டையை ஆதரிக்கின்ற அமைப்பு. அவர்கள்கூட இத்தனை மீற்றர் என்று கோடு கீறவில்லை. எவ்வளவு தூரத்துக்கு அடிக்கலாம் என்று உயிருள்ள இலக்கில் கருவியைச் சோதித்துப் பார்ப்பது வேட்டையே அல்ல என்று சொல்லிவிட்டார்கள். அண்ணர் இதைச் சொன்னபோது எங்கள் பழைய வேட்டைக்காரர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். ஒரு பிடி புழுதியை எடுத்து விட்டுக் காற்றுப் பார்த்து, மணம் போகாத பக்கத்தால் ஊர்ந்து கிட்டப் போனவர்கள் அவர்கள். கிட்டப் போனால் பன்றியா, மரையா, குட்டி கூட நிற்கிறதா என்று தெரியும். சூடு எங்கே பட்டது என்று தெரியும், இரத்தச் சுவடு தொடங்கும் இடமும் தெரியும். தூரத்தில் இருந்து சுடுபவர் குளத்தைச் சுற்றிப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். அதற்குப் பிறகு பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த பற்றைக்குள், இருபது அடிக்கு அப்பால் தெரியாத இடத்தில், எதைத் தேடுவது?

கமக்காரரின் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று சொல்வது சரியல்ல. தகப்பனார் கச்சான் போட்ட காணியில் காவற்கொட்டிலில் படுத்து வளர்ந்தவன் நான். பயிரைக் காக்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தலையில் கட்டும் லைற்றுகளும் ரோச் லைற்றுகளும் முன்போலவே கிடைக்கும். காட்டிக்கொடுத்தேன் என்ற கதையை நம்பித் தம் மூக்குக்கண்ணாடியைக்கூடத் திருப்பி வாங்கிச் சென்ற மூவரில் இருவர் மீண்டும் வந்துவிட்டார்கள். மற்றவரையும் எதிர்பார்க்கிறேன்.

வேலை செய்த தம்பி மத்திய கிழக்குக்குப் போய்விட்டதால் திருத்தத்துக்கு இனி ஒரு கிழமை கூடுதலாக எடுக்கும். ஸ்கோப்புக்கு முற்பணம் தந்தவர்களின் பணம் தைப்பொங்கலுக்குப் பின் இரண்டு தவணைகளில் திருப்பித் தரப்படும்.

கதை பரவிய கிழமையிலும் வழக்கம்போல் வந்து, ஒன்றும் கேட்காமல் கதிரையில் இருந்து பேசிவிட்டுப் போனவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அந்த நாட்களில் கடையைத் திறக்கும் தைரியத்தை நீங்கள்தான் தந்தீர்கள். காவலுக்குப் போகிறவர்கள் தூரத்தில் நிற்பது எது என்று பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக இரண்டு பைனோகுலர்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாடகை இல்லை, மாலை ஐந்து மணிக்குள் வந்து எடுத்து, காலையில் தந்தால் போதும்.

இங்ஙனம்,
உரிமையாளர்,
மாங்குளம்.