பெல்ட் கம்பெனிக்காரர்களுக்கும் சேலத்து டீலர்களுக்கும் ஒரு ஃபிட்டரின் மடல்

ஐயாமார்களுக்கு வணக்கம்.

வாழப்பாடி பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் 20 வருஷத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். மோட்டார் சுற்றுவதை மெஷினுக்குக் கடத்துகிற, துணி சுற்றிய வி-பெல்ட்டைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: செட்டாக ஓட வேண்டிய பெல்ட்டை ஒரே நீளமுள்ள செட்டாகக் கொடுங்கள், நீள நம்பரும் தயாரித்த மாதம் வருஷமும் அழியாத மையில் அதன் முதுகில் இருக்கட்டும்.

போன மாசியில் ஒரு ராத்திரி ஒன்றரை மணி. எங்கள் அரவை டிரம்முக்கு சி 120 என்ற அளவில் நாலு பெல்ட் பக்கம் பக்கமாக ஓடுகிறது. திடீரென்று சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தம், ஒரு பெல்ட் அறுந்து பக்கத்துப் பெல்ட்டையும் புல்லிச் சக்கரத்தின் காடியில், அதாவது பள்ளத்தில், குப்புறப் புரட்டிவிட்டிருந்தது. போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாலும் ஒரே கடையில், ஒரே நாளில், "மேட்ச் செட் அண்ணா, கண்ணை மூடிக்கிட்டு போடுங்க" என்று சொல்லிக் கொடுத்தது. கண்ணை மூடியதுதான் தப்பு.

அந்நேரத்துக்குக் கடை ஏது? வாசலில் இரண்டு லோடு கிழங்கு. மரவள்ளி பிடுங்கிய இரண்டாம் மூன்றாம் நாளே உள்ளே நீலக்கோடு ஓட ஆரம்பித்துவிடும், அரைக்காமல் வைக்க முடியாது. கழுவித் தோல் சீவியதும் அப்படியே கிடந்தது. பாதி அரைத்த கூழ் விடிவதற்குள் புளித்து, மாவு பழுப்பேறிவிட்டது. வெள்ளையாக இல்லாத மாவுக்கு என்ன விலை கிடைக்கும் என்று சேலத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்ட் பெண்கள் எட்டுப் பேர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அக்கா, "ஏந்தம்பி, ஒரு வாருக்காகவா அரைக்கூலி?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியாமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மிச்ச மூன்றையும் கழற்றி ஒரு இரும்புக் குழாயில் மாட்டித் தொங்கவிட்டேன். இரண்டு ஒரே மட்டம், மூன்றாவது அரை விரல் கீழே தொங்கியது. நீளமானது தளர்ந்து சும்மா சுற்றும், குட்டையானது மொத்த பாரத்தையும் இழுத்துச் சாகும். அறுந்ததைப் பார்த்தேன், பக்கவாட்டுத் துணி தேய்ந்து பழைய வேட்டி மாதிரி நூல் பிரிந்து நின்றது. புல்லி காடியைப் பிடித்து இழுப்பதே அந்தப் பக்கவாட்டுதான். முதுகில் இருந்த நம்பர்? எண்ணெய்க் கையால் நாலு தடவை தொட்டதில் போயே போச்சு.

கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு. அமுக்கினால் இந்தியில் ஒரு பாட்டு. டீலரைக் கேட்டால் "உங்க புல்லி தேஞ்சிருக்கும்". புல்லி போன வருஷம்தான் கடைந்தது ஐயா. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில், ஆணியில் ஒரே மடிப்பாகத் தொங்கும் உங்கள் ஸ்டாக் எத்தனை வருஷத்துச் சரக்கு என்று நான் கேட்டேனா? பளபளவென்று ஹாலோகிராம் மட்டும் ஒட்டத் தெரிகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே வந்துவிட்டது, அதை அரைக்கிற பெல்ட்டுக்குப் பிறந்த தேதி வர இன்னும் எத்தனை வருஷமோ.

சரி, கோபத்தில் நாலு வார்த்தை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. நாலு கேட்டால் ஒரே நீளத்தில் நாலையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள், ஒரு செட்டில் மூன்றுதான் இருந்தால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், வேறு கடை பார்த்துக்கொள்கிறோம். நம்பரும் தேதியும் அழியாமல் இருக்கட்டும். தயவுசெய்து.

அந்த மூன்று பெல்ட்டும் இன்னும் அதே குழாயில்தான் தொங்குகின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், டீ என் செலவு.

இப்படிக்கு,
ஒரு ஜவ்வரிசி ஆலை ஃபிட்டர்