சிஹெக் குவாமுக்குத் திரும்ப ஒரு காடு ஒதுக்குங்கள்

அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவைக்கும், குவாம் அரசின் வனவிலங்குத் துறைக்கும்,

வணக்கம். 2024 செப்டம்பரில் ஒன்பது சிஹெக் பறவைகளை பசிபிக் பெருங்கடலின் பால்மைரா பவளத்தீவில் பறக்கவிட்டீர்கள். அடுத்த ஆண்டே அவை முட்டையிட்டன என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. முதலில் அதற்கு நன்றி. அப்புறம் ஒரு கோரிக்கை.

இதைப் படிக்கும் தமிழர்கள் பலர் சிஹெக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பசிபிக்கில் அமெரிக்க ஆட்சியில் உள்ள குவாம் தீவுக்கு மட்டுமே சொந்தமான மீன்கொத்தி அது. தலை இலவங்கப்பட்டை நிறம், இறக்கையில் நீலமும் பச்சையும், கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு. ஆணுக்கு வயிறும் இலவங்க நிறம்தான், பெண்ணுக்கு வெள்ளை. எங்கள் ஊர் வெண்மார்பு மீன்கொத்தி மாதிரியே இதற்கும் தண்ணீர் கட்டாயமில்லை. காட்டுக்குள் அரணையும் பல்லியும் பூச்சியும் பிடித்துத் தின்னும், உளுத்த மரத்தைக் குடைந்து கூடு வைக்கும்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி ராணுவச் சரக்கோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு இந்தக் காட்டைக் காலி செய்தது. 12 காட்டுப்பறவை இனங்களில் 10 தீவிலிருந்து மறைந்தன. 1980-களில் பிடித்துக் காப்பாற்றிய 29 சிஹெக்குகளின் வாரிசுகள்தான் இன்று மிச்சம். 1988-க்குப் பிறகு பிறந்த சமோரோ (குவாமின் பூர்வகுடி) பிள்ளை எவரும் தன் ஊர்க் காட்டில் இந்தப் பறவையைப் பார்த்ததில்லை. பறவைகள் போனதால் சிலந்திகள் பெருகின. பழம் தின்று விதை பரப்ப ஆளில்லாமல் மரக்கன்றுகளும் குறைகின்றன.

பால்மைராவில் பாம்பு இல்லை, சரி. ஆனால் அது சிஹெக்கின் வீடும் இல்லை. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சிறு தீவை நம்பி ஒரு இனத்தை விட்டுவிட முடியாது. குவாமின் இன்னொரு பறவையான, பறக்க முடியாத கோகோ கானாங்கோழியின் கதையைப் பாருங்கள். குவாமுக்குப் பக்கத்திலுள்ள ரோட்டா தீவிலும் கோகோஸ் தீவிலும் அதை வாழவைத்தீர்கள். 2019-ல் 'காட்டில் அற்றுப்போன இனம்' என்ற நிலையிலிருந்து மீண்டது. 2020-ல் அதே கோகோஸ் தீவில் மரப்பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது! குவாமில் பாம்பு இருக்கும்வரை பக்கத்துத் தீவுகளுக்கும் நிம்மதி கிடையாது.

வழி தெரியாமல் நீங்கள் நிற்கவில்லை. செத்த எலிக்குஞ்சில் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்து ஹெலிகாப்டரிலிருந்து மரங்களின் மேல் போடுகிறீர்கள். காய்ச்சலுக்கு நாங்கள் போடும் மாத்திரையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத அளவு அது; பாம்பைக் கொல்ல அதுவே போதும். குவாமிலுள்ள ஆண்டர்சன் விமானப்படைத் தளத்தில் பாம்பைத் தடுக்க வேலி அடைத்த காடும் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். பால்மைராவின் வெற்றியைக் காரணம் காட்டி பாம்பு ஒழிப்புக்கான பணத்தைக் குறைக்க யாரையும் விடாதீர்கள். குவாமில் சிஹெக்குக்கான முதல் காடு எது, அங்கே இன்னும் எத்தனை பாம்புகள் இருக்கின்றன, எந்த ஆண்டில் பறவையை விடலாம் என்று சமோரோ மக்களிடம் எழுத்தில் சொல்லுங்கள். ஆண்டுதோறும் அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பறவை ஆர்வலர்