லெனன் பாடியதும் பால் வெட்டியதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'நவ் அண்ட் தென்' பாடலுக்கு 2025 பிப்ரவரி 2-ஆம் தேதி கிராமி விருது கிடைத்த செய்தியை, அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பாட்டு என்று பொருள்படும் தலைப்பில் தங்கள் நாளிதழ் வெளியிட்டிருந்தது. 2023 நவம்பரில் பாட்டு வெளியானபோதே தொடங்கிய ரசிகர் சண்டை இப்போது மீண்டும் மூண்டிருக்கிறது. அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி, மறைந்துவிட்ட சக பாடகர் ஜான் லெனனின் குரலை இயந்திரத்தில் செய்து விற்றுவிட்டார் என்று ஒரு சாரார் குமுறுகிறார்கள். எண்பது வயதைக் கடந்த கலைஞரைக் குறை சொல்லலாமா என்று மறு சாரார் கொதிக்கிறார்கள். வழக்கு எதைப் பற்றியது என்பதையே இரு சாராரும் தவறவிட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

நான் 1986 முதல் பதினைந்து ஆண்டுகள் திண்டுக்கல்லில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர், காலமான தம் தந்தை தேவாரம் பாடியிருந்த கேசட்டைக் கொண்டுவந்து, இரைச்சலை எடுத்துத் தரச் சொன்னார். வீட்டு டேப் ரெக்கார்டரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பதிந்தது அது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் ஈக்வலைசரில் தாழ்ந்த ஒலியை (பேஸ்) குறைக்கக் குறைக்க உறுமல் அடங்கியது உண்மைதான். ஆனால் பெரியவரின் கனத்த குரலும் கூடவே மெலிந்து, மூக்கடைத்தவர் பாடுவதுபோல் ஆகிவிட்டது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அதோடு நிற்பதில்லை. 100, 150 என்று அதன் மடங்குகளிலும் ஒலித்து, ஆண்குரல் குடியிருக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்றைத் துரத்தினால் மற்றதும் போகும். "இரைச்சலோடயே இருக்கட்டும்ணே, அப்பா குரல் மாறிடுது" என்று சொல்லிவிட்டு அவர் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

1995-இல் பீட்டில்ஸ் குழுவில் எஞ்சியிருந்த பால், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய மூவருக்கும் நேர்ந்தது ஏறக்குறைய இதுவேதான். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் லெனன் பியானோவை வாசித்துக்கொண்டே பாடிப் பதிந்த கேசட்டை, 1994-இல் அவருடைய மனைவி யோகோ ஓனோ பாலிடம் கொடுத்தார். அவர் கொடுத்தவற்றில் இரண்டு பாடல்களை மூவரும் முடித்து வெளியிட்டார்கள். மூன்றாவதான இதில் மின்சார உறுமல் இருந்தது, பியானோவும் குரலை மூடியிருந்தது. ஜார்ஜ் ஹாரிசனுக்கும் அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியே கைவிட்டார்கள். 2001-இல் ஜார்ஜும் மறைந்தார்.

பின்னர் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன், 2021-இல் வந்த தம் பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காக, ஒரே தடத்தில் கலந்து கிடக்கும் குரலையும் கருவிகளையும் தனித்தனியே பிரிக்கும் மென்பொருளை உருவாக்கச் செய்தார். எது மனிதக் குரல், எது பியானோ என்று இனம் காணப் பழக்கப்பட்ட அந்த மென்பொருள்தான் இந்தக் கேசட்டையும் பிரித்தது. முறத்தில் இட்டுப் புடைத்தால் பதரும் அரிசியும் பிரிகின்றன. அதற்காக அரிசியை முறம் விளைவித்தது என்று யாரும் சொல்வதில்லை. 2023 ஜூனில் பால் 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல்லை ஒரு பேட்டியில் உதிர்த்ததுதான் குழப்பத்துக்கு வித்து. எதையும் செயற்கையாகப் படைக்கவில்லை என்று சில நாள்களிலேயே அவர் விளக்கம் தந்தார். விளக்கம் எப்போதும் வதந்திக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

வேறுபாடு நம் ரசிகர்களுக்குத் தெரியாததன்று. 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கணினியில் உருவாக்கிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் வழங்கியதாக அவரே வெளிப்படையாக அறிவித்தார். அந்தப் பாட்டை அவ்விருவரும் பாடியதில்லை. இந்தப் பாட்டையோ லெனன்தான் பாடினார். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது இரண்டு தரப்புக்கும் செய்யும் அநீதி.

அப்படியானால் பாலிடம் கேட்க ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ரசிகர்களிடையே பல ஆண்டுகளாக அதிகாரபூர்வமற்ற முறையில் சுற்றிவரும் மூலப் பதிவை நானும் கேட்டிருக்கிறேன். அதில், சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையே, பிரிவை எண்ணி அஞ்சும் மன்றாட்டாக ஒரு பகுதி வருகிறது. சொற்கள் சரியாக அமையவில்லை. சில இடங்களில் வெறும் முனகலாக இழுபடுகிறது. ராகமும் எங்கே இறங்குவது என்று தெரியாமல் தயங்கி நிற்கிறது. வெளியான பாடலில் அந்தப் பகுதி முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. அது போனதால் பாட்டு ஒழுங்கானது, கேட்க எளிதானது. ஆனால், தனியறையில் தனக்குத்தானே பாடிக்கொண்ட ஒரு மனிதனின் தடுமாற்றமும் அதோடு போய்விட்டது. எனக்கு அந்தப் பாட்டின் உயிரே அந்தத் தடுமாற்றத்தில்தான் இருந்தது.

பாலின் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. இருவரும் சேர்ந்து எழுதிய நாள்களில் ஒருவர் வரியை மற்றவர் வெட்டுவது அன்றாட வழக்கம். அந்த உரிமையைத்தான் அவர் இப்போதும் எடுத்துக்கொண்டார். ஜார்ஜின் பாணியில் அவரே வாசித்திருக்கும் ஸ்லைடு கிட்டார் (கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) பகுதியைக் கேட்டால், அதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பது புரியும். ரிங்கோ ஸ்டார் புதிதாக டிரம்ஸ் வாசித்துத் தந்தார். 1995-இல் ஜார்ஜ் வாசித்த கிட்டாரையும் விட்டுவிடாமல் சேர்த்திருக்கிறார்கள். எனினும் அந்நாளில் பால் வெட்டினால், "கூடாது" என்று மறுக்க எதிரில் ஜான் இருந்தார். அவர் 1980-இல் கொல்லப்பட்டுவிட்டார். மறுக்க ஆள் இல்லாத இடத்தில் கத்தரியைக் கூடுதல் தயக்கத்தோடு எடுத்திருக்க வேண்டும் என்பதே என் மனக்குறை. 1960-களின் மூன்று பழைய பாடல்களிலிருந்து குழுவின் சேர்ந்திசைக் குரல்களை எடுத்து இதில் கலந்ததிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அது சிறிய விஷயம்.

செய்ததைக் கலைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாட்டோடு வெளியான 12 நிமிடக் குறும்படத்தில், பியானோவும் உறுமலும் நீங்கிய லெனனின் குரல் சில நொடிகள் மட்டும் தனியே ஒலிக்கிறது. காதோரம் பாடுவதுபோல் அவ்வளவு அருகில் கேட்கும் அந்தக் குரலை, நீக்கிய பகுதியும் சேர்த்து, முனகலும் தயக்கமும் உள்ளபடியே, முதலிலிருந்து முடிவுவரை தனிப் பதிவாக வெளியிட வேண்டும். எது ஜானுடையது, எது பாலுடையது என்பதை ரசிகர்கள் அப்போது தம் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எண்பது வயதைக் கடந்த பாலும் ரிங்கோவும் இருக்கும்போதே அவர்கள் கையாலேயே இது நடக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய பாடல்கள் நம் மொழியிலும் இனி அடிக்கடி வரும். செய்தி எழுதும்போது, பாட்டை அந்தப் பாடகர் உண்மையிலேயே பாடினாரா, அல்லது அவர் குரல் கணினியில் உருவாக்கப்பட்டதா என்பதை முதல் பத்தியிலேயே தெளிவுபடுத்துங்கள். முந்தைய தலைப்புக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.
10.2.2025